நான் தேய்த்த மூன்று ஆணிகள்

1

நம் கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி பிரேமா கடிதம் போட்டு இரண்டு மாதமாகிறது. “மலேசியாவில் உன் வாழ்க்கை எப்படிப் போகிறது, அதை எழுது, போதும்” என்றிருந்தாள். திருச்சியிலிருந்து நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் முடிகிறது. எழுத விஷயம் இல்லாமலா போகும் என்று உட்கார்ந்தால், குளிர், மழை, தேயிலை என்று நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. அந்த நான்கு வரியும் சரிதானா என்று சந்தேகம் வந்து, கிழித்துப் போட்டேன்.

போன சனிக்கிழமை என் மகனின் பள்ளியில் ஒரு பந்தயம் நடந்தது. அதை எழுதுகிறேன். பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் நல்லபடியாக முடிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; நான் இரண்டு நாள் பதறியது போதும், நீங்களும் பதற வேண்டாம்.

நாங்கள் இருப்பது கேமரன் மலையில், பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் கணவர் தோட்டத்து ஃபேக்டரியில் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மகன் இளங்கோவுக்கு ஒன்பது வயது. டவுனில் மலாய்ப் பள்ளியில் படிக்கிறான். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் பள்ளியில் நடந்ததை அவன் மலாயில் நினைத்துத் தமிழில் சொல்கிறான். வேகமாகச் சொல்லும்போது நடுவில் இரண்டு வாக்கியம் எனக்கு விட்டுப்போகும். திரும்பக் கேட்டால், “ஒண்ணுமில்லம்மா” என்று போய்விடுவான்.

போன வருஷத்திலிருந்து நான் பள்ளிக்கு வருவதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. “நீங்க வேணாம்மா, அப்பா வரட்டும்லா” என்பான். காரணத்தை அவன் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். ஆசிரியர்களிடம் நான் பேசும் ஆங்கிலம், வாய்மொழித் தேர்வில் நம் பேராசிரியைக்குப் பதில் சொன்ன அதே ஆங்கிலம். நிமிர்ந்து நின்று, முழு வாக்கியமாகச் சொல்வேன். இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை. பையன்கள் அதைப் பின்னால் நின்று செய்து காட்டுகிறார்களாம்.

2

இளங்கோ பள்ளியில் குருளையர் படையில் இருக்கிறான். சிறுவர்களுக்கான சாரணர் அணி அது. அதை நடத்துபவர் ரஹ்மான் என்ற ஆசிரியர். ஆசிரியரை இங்கே ‘சிக்கு’ என்பார்கள். சிக்கு ரஹ்மான் ஏதோ வெளிநாட்டு முகாமுக்குப் போனவர், அமெரிக்கச் சாரணர்கள் மரக் கார் செய்து பந்தயம் விடுவதைப் பார்த்துவிட்டு, அதற்கான சாமான்களையும் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்துவிட்டார். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பைன் மரக் கட்டை, நான்கு கறுப்பு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி. எஞ்சின் கிடையாது. சரிவாக வைத்த பலகையில் மேலிருந்து விட்டால் தன் கனத்தில் தானே ஓட வேண்டும்.

விதிகள் எழுதிய தாளை இளங்கோ சோற்றுப் பருக்கையால் சமையலறைச் சுவரில் ஒட்டினான். முதல் விதி: மரம் அறுக்க மட்டும் பெரியவர்கள் உதவலாம், மற்ற எல்லாவற்றையும் பையனே செய்ய வேண்டும். இரண்டாவது: கொடுத்த சக்கரமும் ஆணியும்தான் போட வேண்டும். மூன்றாவது: எண்ணெய், கிரீஸ் எதுவும் ஆகாது, பென்சில் கரித்தூள் மட்டும் போடலாம்.

கட்டையை என் கணவர் ஃபேக்டரி தச்சரிடம் கொடுத்துச் சீராக அறுத்து வாங்கினார். அதோடு அவர் பங்கு முடிந்தது. கொழுந்து குவிகிற பருவம்; விடியுமுன் போகிறவர் இருட்டிய பிறகுதான் வருகிறார்.

“மிச்சத்த பையன் பாத்துக்குவான். நீ சும்மா பக்கத்துல உக்காரு, போதும்” என்றார்.

சும்மா உட்காருவது எனக்கு வராத வேலை. அந்த ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலைக்கு அடியில் மீசை மாதிரி இரண்டு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. தண்டில் நெடுக ஒரு கோடு. சக்கரம் சுற்றும்போது இந்தப் பிசிறும் கோடும் பிளாஸ்டிக்கைச் சுரண்டும். கல்லூரியில் உராய்வைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியவள் நான். படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதினேன். ஒரு ஆணியைக்கூடத் தேய்த்துப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பிரிஞ்சாங் போய் உப்புத்தாள் வாங்கினோம். ஹார்ட்வேர் கடைச் சீனருக்குத் தோட்டத்து ஆட்களிடம் பழகிப் பழகித் தமிழ் நன்றாக வரும்.

“எதுக்கு தங்கச்சி உப்புத்தாள்? கதவா, மேஜையா?”

“ஆணிக்கு” என்றேன்.

“ஆணிக்கா? ஆணிய சொவத்துல அடிச்சா யாரு பாக்கப் போறா? கல்யாண வீடா?” என்று சிரித்தவர், இளங்கோ மலாயில் விவரம் சொன்னதும் உள்ளே போய், தொட்டால் துணி மாதிரி இருக்கும் நைஸ் தாளைக் கொண்டுவந்தார். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொன்னார். வெளியே வந்ததும் இளங்கோ என்னிடம், “அம்மா, இனிமே கடையில நான் பேசுறேன்” என்றான்.

3

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் பள்ளிவிட்டு வந்ததும் ஆணி தேய்ப்பதுதான் அவன் வேலை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்ப்பான். நான் எதிரில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு பார்ப்பேன். ஒரே பக்கமாகவே தேய்த்தான். கோடு போகவில்லை, புதிதாக வேறு கோடுகள் விழுந்தன. கையை நீட்டினால், “தொடக்கூடாதும்மா. சிக்கு சொல்லிட்டாரு” என்று சுவரைக் காட்டுவான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் பள்ளியில் இருந்தான். தகர டப்பாவைத் திறந்து ஆணிகளைப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் திறந்தேன் என்று இப்போதும் சொல்ல முடியும். ஆனால் அப்போதே கையில் மருந்துப் புட்டியின் தக்கை இருந்தது.

என் தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் சிறிய கம்பி ஒன்று உண்டு. மிதித்தால் மிக வேகமாகச் சுற்றும். தக்கையை அதில் செருகி, தக்கையின் நடுவில் ஆணியின் கூர்முனையைக் குத்தினேன். மிதித்ததும் ஆணி சுற்றியது. நனைத்த உப்புத்தாளை அதன்மேல் சும்மா வைத்துப் பிடித்தால் போதும். பிசிறு போயிற்று. கோடு போயிற்று. கடைசியில் துணியில் பல்பொடி தொட்டுப் பிடித்தேன். ஆணி எவர்சில்வர் மாதிரி மின்னியது. எனக்கே பெருமையாக இருந்தது. மூன்று ஆணி முடித்து நான்காவதை எடுக்கும்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வரும் லாரியின் ஹாரன் கேட்டது. எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினேன்.

அன்று மாலை அவன் பென்சில் கரியைச் சுரண்டித் தூவி, சக்கரங்களைக் கோத்து, ஆணிகளை அடித்தான். ஒரு சக்கரத்தை விரலால் தட்டிவிட்டான். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

“அம்மா! பாருங்க, நிக்கவே மாட்டேங்குது! மூணு நாள் தேய்ச்சேன்ல? நானே பண்ணேன்லா!”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோசைக்கல்லைக் கழுவப் போனேன். இரவு கணவரிடம் சொன்னேன். “ஆணிதான? யாரு கேக்கப் போறா?” என்று திரும்பிப் படுத்துவிட்டார். யாரும் கேட்காவிட்டால் சரியாகிவிடுமா, கேட்டால் பிள்ளையைப் பந்தயத்திலிருந்து எடுத்துவிடுவார்களா, இரண்டும் மாறி மாறி வந்தன.

4

வெள்ளிக்கிழமை மாலை லெட்சுமியக்கா வந்தார். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருப்பவர், கொழுந்து கிள்ளுபவர். நான் இங்கே வந்த நாளிலிருந்து என்னைக் கேலி செய்வதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர்.

“என்ன கிராணியம்மா, மவன் காடி வாங்கிட்டானாம்? எங்களயும் ஏத்திக்கிட்டு ஈப்போ வரைக்கும் போவானா?”

இளங்கோ வண்டியைக் காட்டினான். நீல பெயின்ட் அடித்து வெள்ளையில் ஏழு என்று எண் போட்டிருந்தான்.

“அழகா இருக்குய்யா. பொட்டு வச்சிங்களா?”

“பொம்மை வண்டிக்கா, அக்கா?” என்றேன்.

“பொம்மையோ என்னமோ, நாலு சக்கரம் இருக்குல்ல? புது லோரி வந்தப்ப தொரையே எறங்கி நின்னு எலுமிச்சம்பழம் நசுக்கிட்டுத்தான ஏறுனாரு? மொதமொதல்ல ஓடப் போவுது. அத்தன பேரு கண்ணும் படும். படிச்சவங்க, நீங்களே இப்புடி இருந்தா எப்புடி?”

அந்தக் கடைசி வார்த்தை போதுமானதாக இருந்தது. ஆயுத பூஜைக்கு என் அப்பா தன் சைக்கிளுக்குக் கைப்பிடி, மணி, விளக்கு, இரண்டு பெடல் என்று ஒரு இடம் விடாமல் சந்தனம் வைப்பார். அடுத்த நாள் அலுவலகத்துக்கு மஞ்சள் பட்ட கால்சட்டையோடு போவார். எந்த வண்டியையும் பொட்டு வைக்காமல் வெளியே எடுத்த வீடு இல்லை எங்களுடையது. வைக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

சனிக்கிழமை விடியற்காலை இளங்கோ குளிக்கும்போது சந்தனம் குழைத்தேன். பெயின்டில் வைத்தால் அவன் போட்ட எண் கெடும். சக்கரத்தில் வைத்தால் சக்கரத்துக்கு ஆகாது. அந்த அளவுக்கு யோசித்தேன். நான்கு ஆணித் தலைகள் வெளியே சின்ன நெற்றி மாதிரி எடுப்பாக இருந்தன. அவற்றில் வைத்தேன். மேலே குங்குமம். சக்கரத்தைவிட எலுமிச்சம்பழம் பெரிதாக இருக்கும் என்பதால் அதை விட்டேன். வண்டியைத் துண்டில் சுற்றிச் செருப்புப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

கணவருக்கு அன்றைக்கும் ஃபேக்டரி. நான்தான் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. லாரியில் இளங்கோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா, சிக்குகிட்ட நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கிறேன்” என்றான். சரி என்றேன்.

5

பள்ளி மண்டபத்தில் சரிவுப் பலகை தயாராக இருந்தது; அதன் கீழ்க்கோடியில் வண்டிகள் முட்டி நிற்க ஒரு சாக்கு மூட்டை. வாசலில் ஒரு மேஜை. அங்கே வண்டிகளை எடை போட்டு, சோதித்து, ஒரு படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்கினார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அப்பாக்கள்.

வரிசையில் நிற்கும்போது இளங்கோ வண்டியை வெளியே எடுத்து ஒரு சக்கரத்தைத் தட்டினான். கறக் என்று அரைச் சுற்று சுற்றி நின்றது. அடுத்ததைத் தட்டினான். அதுவும் நின்றது.

“அம்மா, இது என்ன மஞ்சளா?”

“சந்தனம்ப்பா.”

“சக்கரத்துக்குள்ளயா?”

“தலையிலதான் வெச்சேன்...”

தலையில்தான் வைத்தேன். தண்ணியாகக் குழைத்ததால் அது தலைக்கு அடியில் இறங்கி, கரித்தூளோடு கலந்து, லாரிக் குலுக்கலில் உள்ளே போய்க் காய்ந்திருந்தது. மூன்று பக்கம் எழுதினேனே, ஆணித் தலையின் உள்பக்கமும் சக்கரத்தில் உராயும் இடம்தான் என்பது அந்த நேரம்வரை எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் மேஜைக்கு வந்துவிட்டோம். சிக்கு ரஹ்மான் படிவத்தை என் பக்கம் நகர்த்தி, “சைன் பண்ணுங்க, மேடம்” என்றார்.

படிவம் என்றால் எனக்கு இங்கே தனிப் பயம். என் அடையாள அட்டை சிவப்பு, குடிமக்களுக்கு நீலம். அந்தச் சிவப்பு அட்டைக்கே, குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதி, அப்பா பெயர் கேட்ட இடத்தில் கணவர் பெயரை எழுதி, மலையிறங்கி மூன்று முறை போய்வந்தவள் நான். அதன்பிறகு எந்தத் தாளையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. மலாயில் இருந்த இதையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சக்கரம், அச்சு வேலை முழுவதையும் என் பிள்ளையே செய்தான் என்று உறுதி கூறுகிறேன், என்றிருந்தது.

பேனாவை எடுத்தேன். வைத்தேன்.

“ஐயா, என்னால் இதில் கையெழுத்துப் போட முடியாது. மூன்று ஆணிகளை நான் தேய்த்தேன். என் மகனுக்குத் தெரியாமல்.” அந்தப் பழைய ஆங்கிலத்தில்தான் சொன்னேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எனக்குப் பின்னால் நின்ற அப்பாக்களில் ஒருவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவருக்கு இருமல் வந்தது.

இளங்கோ என்னைப் பார்த்தான். “அப்ப நல்லா சுத்துனது நான் செஞ்சது இல்லியா?”

“ஒண்ணு உன்னோடதுப்பா” என்றேன். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

சிக்கு ரஹ்மான் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். நின்றது. விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார். “இது என்ன?” என்று மலாயில் இளங்கோவைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: “எங்க வீட்ல புது வண்டிக்கு வைப்போம், சிக்கு. அம்மா வச்சாங்க. உள்ள போயிருச்சு.”

அவர் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கியது மீசையில் தெரிந்தது. “இப்படி ஓடாது. நாலு ஆணியும் கழற்றத்தான் வேணும்” என்றார். மேஜைக்கு அடியிலிருந்த பெட்டியைத் துழாவி மூன்று புது ஆணி, உப்புத்தாள், குறடு எடுத்து அவன் முன் போட்டார். “உன் வரிசை கடைசி. அரை மணி நேரம் இருக்கும். என் கண்முன்னால் உட்கார்ந்து நீயே செய். செய்து முடித்தால் உன் அம்மா சைன் பண்ணலாம்.” பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார்: “மூலுட் போலே, தாங்கான் தா போலே.” வாய் பேசலாம், கை படக்கூடாது.

6

பத்து வருஷத்தில் எனக்கு மிகக் கடினமாக இருந்த அரை மணி நேரம் அதுதான். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இளங்கோ குறடால் ஆணிகளைப் பிடுங்கினான். சக்கரங்களைக் குழாயடியில் கழுவி, சட்டையில் துடைத்தான். புது ஆணியை எடுத்து அதே பழைய மாதிரி விரலில் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தான். ஒரே பக்கம். மண்டபத்துக்குள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூச்சல் எழுந்தது. பேசலாம் என்று அவர் சொல்லியிருந்தும் நான் பேசவில்லை. அவன் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்காமலே போய்விடுவானோ என்றும் இருந்தது.

முதல் ஆணி பாதியில் தலையைத் தூக்காமலே கேட்டான்.

“மூணும் எப்டிம்மா பண்ணீங்க?”

“தையல் மிஷின்ல. ஆணி சுத்தணும், தாள் சும்மா இருக்கணும்.”

எழுந்து போய் மேஜையில் கிடந்த கை டிரில்லைச் சிக்குவிடம் கேட்டு வாங்கி வந்தான். ஆணியின் கூர்முனையை அதன் வாயில் கொடுத்து இறுக்கினான். டிரில்லை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பிடியைச் சுற்றி, மறு கையால் தாளைப் பிடித்தான். இரண்டு முறை வழுக்கி விழுந்தது. மூன்றாவது முறை பிடிபட்டுவிட்டது.

“பிசிறு போவுதாம்மா?”

“வெளிச்சத்துல திருப்பிப் பாரு.”

“போயிருச்சு!”

தன் பழைய ஆணியையும் அவன் விடவில்லை. அதையும் டிரில்லில் போட்டு மறுபடி தேய்த்தான். கரித்தூளை ஊதி உள்ளே அனுப்பும்போது மூக்கெல்லாம் கறுத்தது. கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தாளை மடித்து வைத்து இடைவெளி பார்த்து ஆணி அடித்தான். ஒரு சக்கரம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. தட்டிவிட்டான், என்னுடைய மூன்று ஆணிகளில் சுற்றிய அளவு சுற்றவில்லை. ஆனாலும் நன்றாகவே சுற்றியது.

சிக்கு ரஹ்மான் நான்கையும் சுழற்றிப் பார்த்துத் தலையாட்டினார். படிவத்தை நீட்டினார். அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று, ஆணியை விடப் பழையது என்று நினைக்கிறேன், அந்தக் கையெழுத்தோடு இறங்கியது.

“அம்மா, நீங்க அங்க போங்க” என்றான் இளங்கோ.

வாசலைச் சொல்கிறான் என்று நினைத்து முந்தானையைச் சரி செய்துகொண்டு திரும்பினேன்.

“அங்கல்லம்மா! கீழ, பலகை முடியுற எடத்துல. வண்டியெல்லாம் சாக்குல முட்டி வெளிய பறக்குது. அச்சு கோணிக்கும். நீங்க புடிக்கணும்.”

“கை படக்கூடாதுன்னாரேப்பா?”

“ஓடி முடிஞ்சப்பறம் படலாம்லா!”

மண்டபத்தின் கோடியில் மூன்று அப்பாக்கள் ஏற்கெனவே குந்தியிருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் குந்தினேன். அங்கிருந்து பார்க்க, மேலே நான்கு வண்டிகள், அவற்றுக்குப் பின்னால் நான்கு தலைகள். அதில் கறுத்த மூக்கோடு ஒன்று எட்டிப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, “அம்மா, ரெடியா?” என்று கத்தியது.

ரெடி என்றேன்.

நீல வண்டி மூன்றாவதாக வந்தது. சாக்கில் முட்டுமுன் இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன். தூக்கிய பிறகும் நான்கு சக்கரங்களும் சுற்றிக்கொண்டே இருந்தன.